உரியவர் உள்ளாரா?

காலை ஏழரைக்கு உலகம்மை பீச் ரோட்டில் இறங்கி ஒரு டீ வாங்கினாள். கிளாஸைக் கையில் வாங்கியபோது கடைப் பலகையில் ஒரு விலை இருந்தது. பாதி குடிப்பதற்குள் வேறு விலை வந்துவிட்டது. கடையில் நின்ற ஏழெட்டுப் பேரில் ஒருவரும் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. உலகம்மையின் கைப்பேசி பைக்குள் இரண்டு முறை அதிர்ந்து அடங்கியது. அவளுடைய சம்பளத்தில் கொஞ்சத்தை யாருக்கோ விற்று, டீக்கடைக்காரர் ஏற்கும் நாணயத்தை அது வாங்கி முடித்துவிட்டது என்று அர்த்தம்.

தூத்துக்குடியில் யாருக்கும் சம்பளம் ரூபாயில் வந்து வெகுகாலமாகிவிட்டது. உப்பளக் கம்பெனி உப்புநாணயத்தில் கொடுத்தது. துறைமுகம் பெட்டிநாணயத்தில் கொடுத்தது. கடலுக்குள் காற்றாலைகள் நடத்துகிறவர்கள் காற்றுநாணயத்தில் கொடுத்தார்கள். அரிசிக்கடையும் பள்ளிக்கூடமும் கேட்பது வேறு. எதை எப்போது விற்று எதை வாங்குவது என்று ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்தால், யோசித்து முடிப்பதற்குள் எல்லா விலையும் நாலு தடவை மாறியிருக்கும். அதனால் ஆளுக்கொரு ஆணைநிரல் இருந்தது. அது தானாகவே விற்றது, தானாகவே வாங்கியது, குடும்பங்களைப் பட்டினி போடாமல் பார்த்துக்கொண்டது.

கடைசி வாய் டீயைக் குடிக்கும்போது மணிக்கட்டில் இருந்த நாடிவளையம் மெல்ல இறுக்கி விட்டது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அது இப்படிப் பிடித்துப் பார்க்கும். பக்கத்தில் நின்றவர் பேச்சை நிறுத்தாமலே தன் மணிக்கட்டைச் சொறிந்துகொண்டார். வளையம் கேட்பது ஒரே கேள்விதான்: இந்த ஆணைகளுக்கு உரியவர் உயிரோடு இருக்கிறாரா?

அந்தக் கேள்வி வந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் செத்துப்போனவர்களின் ஆணைநிரல்கள் வருடக்கணக்கில் விற்று வாங்கிக்கொண்டே இருந்தன. கேட்க ஆளில்லாத அந்த ஆணைகள் பெருகிப் பெருகி, ஒரு நாள் பதினேழு நாணயங்கள் ஒன்றாகச் சரிந்தன. அதற்குப் பிறகுதான் வளையம் வந்தது. வளையம் வந்த பிறகு ரேஷன் கடை, மருத்துவமனை, பென்ஷன் அலுவலகம், கடல் மீட்பு மையம் எல்லாம் தனித்தனியாக விசாரிப்பதை விட்டுவிட்டன. ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்பதை ஆணைநிரலைவிட உறுதியாக யார் சொல்லப்போகிறார்கள்?

உலகம்மைக்கு வேலை நாணயமாற்று வகையகத்தில். பதினெட்டு வருடமாக அவள் அங்கே வகைஞர். கணினிக்கான நிரல் எழுதுவதை இயந்திரங்களே செய்துவிடும். ஆனால் நிரலில் ஒரு மதிப்பைத் தாங்கி நிற்கும் ஒவ்வொரு மாறியும் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை ஒரு மனிதர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது சட்டம். முழு எண்ணா, பதின்ம எண்ணா, எழுத்துச்சரமா, அல்லது பூலியன் என்று பழைய ஆட்கள் சொல்லும் ஆம்-இல்லை வகையா என்று பார்த்து, தேர்ந்தெடுத்து, கட்டைவிரல் ரேகை வைக்க வேண்டும்.

சிறிய வேலைபோலத் தெரியும். அப்படியல்ல. விற்கும் அளவை முழு எண்ணாக வைத்த ஒரு நிரலில், அரை அளவு விற்கச் சொன்ன ஏழைகளின் ஆணைகள் எல்லாம் பூஜ்யமாகிப் போயின. ஆணை எண்ணைச் சிறிய முழு எண்ணில் அடைத்த இன்னொரு நிரல், எண்ணிக்கை இருநூற்றுப் பதினான்கு கோடியைத் தாண்டியதும் தலைகீழாக எதிர்மறைக்குப் போய்விட்டது. தான் போட்ட ஆணையைத் தானே கண்டுபிடிக்க முடியாமல் அதையே திரும்பத் திரும்பப் போட்டது. ஒரு பாத்திரத்தில் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவுதான் நிற்கும், மிச்சம் வழிந்துவிடும் என்று உலகம்மை புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வாள். அவள் பெயரில் இதுவரை ஒரு புகாரும் பதிவாகவில்லை. அதில் அவளுக்குப் பெருமை உண்டு.

அன்று பதினோரு மணிக்கு ஒரு பெண் அவளைத் தேடி வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். வெயிலில் நடந்து வந்த முகம். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"உலகம்மைங்கிறது நீங்கதானா மேடம்?"

"ஆமா. ஒக்காரும்மா. என்ன விஷயம்?"

"என் பேரு ரோசிட்டா. திரேஸ்புரம். எங்க வீட்டுக்காரரு டைட்டஸ், காத்தாலைக்குக் கேபிள் பாக்குற படகுல வேலை. போய் இன்னையோட பதினாறு நாளாச்சு. கூட கித்தேரியான்னு இன்னொருத்தரு. அன்னைக்குக் காலைல ஏழு மணிக்கு நடுக்கடல்ல இடி விழுந்திருக்கு. அதுக்கப்புறம் படகுல இருந்து ஒரு தகவலும் இல்ல."

"தேடுறாங்களா?"

"தேடுனாங்க. மத்தியானம் வரைக்கும்."

உலகம்மைக்குப் புரியவில்லை. ரோசிட்டா தன் கைப்பேசியை மேசைமேல் வைத்துத் திருப்பிக் காட்டினாள். பதினாறு நாள் பழைய செய்தி ஒன்று இருந்தது. மதியம் ஒரு மணி, ஐந்து நிமிடம். உரியவர் உள்ளார்: இல்லை. ஆணைகள் முடிக்கப்பட்டன.

"கடல் மீட்புல போய் நின்னேன். உயிரோட இருக்கிறவங்களத்தான் நாங்க தேடணும், ஒங்க வீட்டுக்காரருக்கு இல்லைன்னு வந்திருச்சு, அதனால ட்ரோனைத் திருப்பிக் கூப்பிட்டுட்டோம்னாங்க. உடலைத் தேடுறது வேற பட்டியலாம். மாசத்துக்கு ஒரு தடவைதான் போவாங்களாம். இல்லைன்னு யாரு சொன்னதுன்னு கேட்டேன். ஆணைநிரல்னாங்க. ஆணைநிரல் ஆபீஸ்ல கேட்டா, நாங்க எழுதல, மெஷின் எழுதுனதுங்காங்க. அஞ்சு ஆபீஸ் ஏறி இறங்கிட்டேன் மேடம். எல்லாரும் நாங்க அதை வாசிக்கத்தான் செய்யுதோம்ங்காங்க." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "கடைசியில ஒரு வக்கீலம்மாதான் சொன்னாங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆளு ரேகை வச்சிருக்கணும், பேரைக் கேட்டா தரணும், சட்டம் இருக்குன்னு. கேட்டேன். ஒங்க பேரைத் தந்தாங்க."

உலகம்மை திரையைத் தன் பக்கம் திருப்பிப் பதிவேட்டில் தேடினாள். 'உரியவர்_உள்ளார்' என்ற மாறி. தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஓடும் எல்லா ஆணைநிரல்களுக்கும் அடிப்படை அது. பதினோரு வருடத்துக்கு முன் வகை தரப்பட்டது. வகை: ஆம்-இல்லை. அதன் கீழே இயந்திரம் கேட்ட கேள்வியும் பதிவாகியிருந்தது: இதற்கு மூன்றாம் நிலை வேண்டுமா? பதில்: வேண்டாம். பதிலளிக்க எடுத்துக்கொண்ட நேரம்: நாலு விநாடி. கீழே அவளுடைய ரேகை.

அந்த நாளை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். வரவில்லை. அன்று அவள் முந்நூற்று நாற்பது மாறிகளுக்கு வகை கொடுத்திருந்தாள் என்று பதிவேடு சொன்னது. ஏன் அப்படித் தேர்ந்தெடுத்தாள் என்பது மட்டும் யோசிக்காமலே தெரிந்தது. இரண்டு மதிப்பு போதும் என்கிற இடத்தில் மூன்று கொடுக்கக் கூடாது என்பதுதான் இந்தத் தொழிலின் பாலபாடம். ஒவ்வொரு ஆணைக்கும் முன்னால் சரிபார்க்கப்படும் மாறி அது. மூன்றாவது நிலை இருந்தால் சரிபார்ப்பு ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு தாமதமாகும். அந்தத் தாமதத்துக்குள் விலை போய்விடும். மேலும், ஒரு மனிதர் ஒன்று இருப்பார், அல்லது இருக்கமாட்டார். நடுவில் என்ன இருக்கிறது?

வளையம் நாடியைப் படகின் அலைபரப்பி வழியாகத்தான் கரைக்கு அனுப்பும். இடியில் அலைபரப்பி கருகியிருந்தால் நாடி வந்து சேராது. இரண்டு முறை வராவிட்டால் அந்த மாறி காலியாக நிற்கும். ஆம்-இல்லை வகையில் காலி என்று ஒன்று கிடையாது. ஒன்றும் வராத இடத்தை அது 'இல்லை' என்றுதான் வாசிக்கும்.

"என்ன மேடம் போட்டிருக்கு?"

"நான்தான்மா வச்சிருக்கேன்" என்றாள் உலகம்மை.

"அவரு செத்ததை யாராவது பாத்தாங்களா?"

"இல்ல. யாரும் பாக்கல. தகவல் வரலைன்னா இல்லைன்னு எடுத்துக்கும். அப்படித்தான் அமைச்சிருக்கு."

ரோசிட்டா கோபப்படுவாள் என்று உலகம்மை காத்திருந்தாள். அவள் கோபப்படவில்லை. "அப்ப அந்த ஒரு வார்த்தைய மட்டும் மாத்திக் குடுங்க" என்றாள். "எனக்குப் பணம் காசு ஒண்ணும் வேண்டாம். தேடச் சொல்லுங்க, போதும்."

உலகம்மை எழுந்து மேலாளர் நெல்லையப்பனின் அறைக்குப் போனாள். அவர் ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. கெட்டவர் அல்ல. முழுவதையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"வகையை மாத்தணும்னா ரெண்டு கோடி நிரலைத் திரும்ப ஆக்கணும். ஒரு நாள் முழுக்கச் சந்தையை மூடணும். அதுக்குக் குழு கூடி, விசாரிச்சு, முடிவு பண்ண மூணு மாசமாவது ஆகும்மா."

"வகையை மாத்தக் கேக்கல சார். மதிப்பை மாத்தலாம்ல? நேர்காணல் உறுதி இருக்கே."

கையில் தீக்காயம் பட்டு வளையம் கழற்றப்பட்டவர்களுக்கும், அறுவைச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் உள்ள ஏற்பாடு அது. ஒரு வகைஞர் நேரில் போய்ப் பார்த்து, 'உயிருடன் கண்டேன்' என்று ரேகை வைத்தால், இருபத்துநாலு மணி நேரத்துக்கு அந்த மாறி 'ஆம்' என்று நிற்கும்.

"நீங்க அந்த ஆளைப் பாத்தீங்களா?"

"இல்ல சார்."

"பின்ன பாத்தேன்னு எப்படி வைப்பீங்க? பொய்ச் சத்தியம்மா அது. உரிமம் போயிரும். ஜெயிலுக்கும் போகலாம்."

"இல்லைன்னு வச்சப்ப மட்டும் பாத்துட்டா வச்சேன்?"

நெல்லையப்பன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு, "நான் சாப்பிடப் போறேன். மணி பன்னெண்டுதான் ஆகுது, இருந்தாலும் போறேன்" என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

ரேகை வைப்பதற்கு முன் உலகம்மை ரோசிட்டாவிடம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. 'ஆம்' என்று மாறினால் டைட்டஸ் உயிரோடு இருந்தும் வேலைக்கு வராதவர் ஆகிவிடுவார். கம்பெனி ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் பிடிக்கும். அதற்காக ஆணைநிரல் வீட்டுச் சேமிப்பை விற்கத் தொடங்கும்.

"விக்கட்டும்" என்றாள் ரோசிட்டா.

உலகம்மை கட்டைவிரலை வைத்தாள். 'உயிருடன் கண்டேன்' என்ற வாசகம் பச்சையாகி அணைந்தது. பன்னிரண்டே கால் மணிக்குக் கடல் மீட்பு மையத்திலிருந்து ட்ரோன் மறுபடி கிளம்பியது.

மறுநாளும் வைத்தாள். அதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூட்டிய அலுவலகத்தைக் காவலாளியிடம் சொல்லித் திறக்கவைத்து உள்ளே போய் ரேகை வைத்துவிட்டு வந்தாள். பொய் சொல்கிறோம் என்ற பயம் முதல் நாள் இருந்தது. மூன்றாம் நாள் அது போய்விட்டது. அதைவிடப் பெரிய பயம் வேறொன்று வந்திருந்தது. இந்தப் பதினோரு வருடத்தில் அந்த மாறி எத்தனை பேருக்கு இப்படிக் காலியாக நின்றிருக்கும்? பதிவேட்டில் தேடினால் தெரிந்துவிடும். அவள் தேடவில்லை.

இருபத்திரண்டாம் நாள் காலை படகு கிடைத்தது. குமரிமுனைக்குத் தென்மேற்கே வெகுதூரத்தில், இயந்திரம் கருகி, நீரோட்டத்தின் போக்கில் மிதந்துகொண்டிருந்தது. உள்ளே ஒருவர்தான் இருந்தார். கித்தேரியான்.

உலகம்மையும் ரோசிட்டாவும் மருத்துவமனைக்குப் போனபோது கித்தேரியானைத் தள்ளுவண்டியோடு நடைபாதையில் நிறுத்தியிருந்தார்கள். அனுமதிக்கும் இயந்திரம் அவர் மணிக்கட்டை மூன்று முறை வாசித்து மூன்று முறையும் 'இல்லை' என்று காட்டியிருந்தது. இல்லாதவருக்குப் படுக்கை ஒதுக்க அதற்கு வழியில்லை. நர்ஸ் ஒருத்தி தன் பொறுப்பில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தாள். உதடெல்லாம் வெடித்து, கண் மட்டும் அசைந்துகொண்டிருந்த அந்த மனிதரை உலகம்மை நின்று பார்த்தாள். பிறகு அலுவலகத்திலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த ரேகைக் கருவியை எடுத்து, 'உயிருடன் கண்டேன்' என்று ரேகை வைத்தாள். அந்த வாரத்தில் அவள் உண்மையாக வைத்த சத்தியம் அது ஒன்றுதான்.

மாலையில் கித்தேரியானுக்குப் பேச்சு வந்தது. ரோசிட்டா அவர் கட்டிலருகே முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"மழைத் தண்ணியும் மீனுமா ஓட்டினோம் தங்கச்சி. முதல் நாள் ட்ரோன் சத்தம் கேட்டுச்சு. தூரத்துல. டைட்டஸ் சட்டையக் கழத்தி வீசுனான். மத்தியானத்தோட சத்தம் நின்னு போச்சு. நாளைக்கு வந்திருவாங்கன்னு சொன்னான். தினமும் அதையேதான் சொன்னான்."

"எத்தனை நாளு?"

"பதினோராம் நாள் வரைக்கும். அன்னைக்கு உச்சி வெயில்ல ஒரு பெரிய கப்பல் போச்சு. கத்திப் பாத்தோம், துணிய ஆட்டிப் பாத்தோம், நிக்கல. ரெண்டு காலிக் கேனை இடுப்புல கட்டிக்கிட்டுக் குதிச்சுட்டான். குறுக்க நீந்திப் போய் மறிச்சிருவேன்னான். நான் வேண்டாம்லேன்னு கையப் பிடிச்சேன். உதறிட்டுப் போயிட்டான்."

நர்ஸ் நீட்டிய தண்ணீரில் அவர் உதட்டை நனைத்துக்கொண்டார்.

"கப்பல் நிக்காமப் போனதை நான் பாத்தேன். அவன் முங்கினதை நான் பாக்கல. அலை எழும்பி மறைச்சிட்டு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

  முதல் நாள் மதியம் ட்ரோன் திரும்பாமல் இருந்திருந்தால் இரண்டு பேரும் அன்று இரவே வீட்டில் சாப்பிட்டிருப்பார்கள். அதை யாரும் உலகம்மையிடம் சொல்லவில்லை. ரோசிட்டாகூடச் சொல்லவில்லை. அவள் எழுந்து வந்து உலகம்மையின் கையைப் பிடித்து, "அக்கா, நாளைக்கும் ரேகை வைப்பீங்கள்ல?" என்று மட்டும் கேட்டாள்.

ஆனால் மறுநாள் உலகம்மையின் ரேகை செல்லவில்லை. விசாரணைக் குழு அதை நிறுத்திவைத்திருந்தது.

விசாரணை ஏழு வாரம் நடந்தது. உலகம்மை எதையும் மறைக்கவில்லை. பார்க்காமல் பார்த்தேன் என்றது பொய், அதைவிடப் பெரிய பிழை பதினோரு வருடத்துக்கு முன் வைத்த வகை என்று எழுதிக் கொடுத்தாள். கித்தேரியான் வந்து சாட்சி சொன்னார். உயிரோடு ஒரு மனிதர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது குழுவுக்கும் கடுமையாக இருக்க முடியவில்லை. உரிமத்தைப் பறிக்காமல், பிழையைத் திருத்தும் வரைவை அவளே தயாரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் அந்த வரைவில் தன்னை முழுவதுமாகக் கொட்டினாள். ஆம், இல்லை, தெரியாது என்று மூன்று நிலை. தகவல் வராவிட்டால் 'தெரியாது'. 'தெரியாது' என்று இருக்கும்வரை மீட்பு மையம் தேடலை நிறுத்தக் கூடாது. ஒரு மாதத்துக்குப் பிறகு ட்ரோன்கள் நின்றாலும், அந்த வழியே போகும் கப்பல்களுக்கெல்லாம் பெயரும் படமும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். உரியவரின் சம்மதம் தெரியாததால் அவர் பெயரில் உள்ள நாணயத்தை ஆணைநிரல் விற்கவோ வாங்கவோ கூடாது, அப்படியே வைத்திருக்க வேண்டும். அதுவரை எல்லாம் எளிதாக வந்தது. 'தெரியாது' எப்போது 'இல்லை' ஆகும் என்ற இடத்தில் அவள் பேனா நின்றது.

"முப்பது நாள்னு போட்ரலாம்" என்றார் நெல்லையப்பன். "ஒரு முழு எண். முடிஞ்சுது."

"முப்பத்தோராம் நாள் ஒருத்தர் நீந்தி வந்தா?"

"அப்ப அறுபது."

"அதே கேள்விதான் சார் அதுக்கும்."

எந்த எண்ணைப் போட்டாலும் அந்த எண்ணுக்கு மறுநாள் யாரோ ஒருவர் எங்கோ உயிரோடு கிடப்பது அவளுக்குத் தெரிந்தது. இன்னொரு முறை அப்படி ஒன்றுக்கு ரேகை வைக்க அவளால் முடியாது. மூன்று நாள் யோசித்துவிட்டு, அந்த இடத்தில் எண்ணே வேண்டாம் என்று எழுதினாள். மாற்றும் உரிமை வீட்டாருக்கு மட்டுமே. அவர்கள் எப்போது நம்புகிறார்களோ அப்போது அவர்களே ரேகை வைத்து 'இல்லை' என்று மாற்றட்டும். தினமும் காலை ஆறு மணிக்குக் கேள்வி அவர்கள் கைப்பேசிக்குப் போகும். கேட்காமல் விட்டால் ஆணைகள் காலத்துக்கும் உறைந்து கிடக்கும் என்பதால் கேட்டாக வேண்டியிருந்தது.

குழுவுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. இனி இதில் அலுவலகத்தின் கை எதுவும் இல்லை என்று தலைவர் பாராட்டினார். அந்தப் பாராட்டிலேயே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தையை மூடி, இரண்டு கோடி நிரல்களையும் திரும்ப ஆக்கினார்கள். டைட்டஸின் மாறி அன்று 'இல்லை'யிலிருந்து 'தெரியாது' ஆனது. பல மாதங்களுக்குப் பிறகு உலகம்மை நன்றாகத் தூங்கினாள்.

ஐந்து மாதம் கழித்து ஒரு பட்டியல் அவள் மேசைக்கு வந்தது. கடற்கரையில் 'தெரியாது' நிலையில் இருக்கும் வீடுகள் இருநூற்றுப் பன்னிரண்டு. பெரும்பாலான வீடுகளில் சில வாரங்களில் 'இல்லை' என்று மாற்றிவிடுகிறார்கள். சில வீடுகளில் மாற்றுவதில்லை. திரேஸ்புரத்தில் ஒரு வீடு நூற்று நாற்பத்தாறு நாளாக 'தெரியாது'. அந்த வீட்டின் காற்றுநாணயம் முழுவதும் உறைந்திருந்தது. காற்றாலைக் கம்பெனி சரிவில் இருந்ததால் அதன் மதிப்பு பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. இறப்பு நிவாரணமும் கிடைக்காது. இறப்பே இல்லையே.

மறுநாள் விடியும்போது உலகம்மை அந்த வீட்டுக்குப் போனாள். ரோசிட்டா மெலிந்திருந்தாள். ஐஸ் பாக்டரியில் இறால் உரிக்கப் போவதாகச் சொன்னாள். விரல்நுனியெல்லாம் ஊறி வெளுத்திருந்தன. ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் ஷெரின் சுருண்டு படுத்திருந்தவள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து பின்பக்கம் போய்விட்டாள்.

"ஆறு மணி ஆனா அவ இங்க இருக்கமாட்டா" என்றாள் ரோசிட்டா. "முதல்ல என் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பா. இப்பப் போயிருவா."

உலகம்மை வந்த விஷயத்தைச் சொன்னாள். 'இல்லை' என்று ஒரே ஒரு தடவை வைத்தால் உறைந்தது எல்லாம் இளகும், நிவாரணம் வரும், இறால் உரிக்கப் போக வேண்டியதில்லை.

"அதனால அவருக்கு ஒண்ணும் ஆயிராது ரோசிட்டா. அது ஒரு மதிப்புதான். நிரலுக்குள்ள ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

"அந்த வார்த்தைக்குத்தானே அக்கா அன்னைக்கு ட்ரோனைத் திருப்புனாங்க?"

ரோசிட்டா ஷெரினின் பாயைச் சுருட்டி ஓரத்தில் வைத்தாள்.

"இப்பவும் கப்பலுக்கெல்லாம் அவரு படம் போகுதுன்னு சொன்னாங்க. நான் இல்லைன்னு வச்சா அது நின்னுரும்ல?"

"நின்னுரும்."

"பிழைச்சிருப்பாருன்னு நான் நெனைக்கல. எனக்குப் புத்தி இருக்கு. ரெண்டு கேனை வச்சிக்கிட்டு எம்புட்டு நேரம் நீந்த முடியும்? கித்தேரியான் அண்ணனும் அவரு ஆத்மாவுக்குப் பூசை வச்சிரு தங்கச்சின்னு சொல்லுதாரு. பாதர் சொல்லுதாரு. எல்லாரும் சொல்லுதாங்க. ஆனா ஒருத்தரும் அவங்க விரலை வைக்க மாட்டாங்க. நான்தான் வைக்கணும்."

ஆறு மணிக்குக் கைப்பேசி அதிர்ந்தது. உரியவர் உள்ளாரா? கேள்விக்குக் கீழே ஆம், இல்லை, தெரியாது என்று மூன்று பொத்தான்கள் வரிசையாக வந்து நின்றன. உலகம்மை அவற்றைத் தாளில் வரைந்திருக்கிறாள், திரையில் சோதித்திருக்கிறாள். ஒரு வீட்டுக்குள் அவை வந்து நிற்பதை இன்றுதான் பார்த்தாள்.

ரோசிட்டா கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு பேசினாள். குரல் உயரவில்லை.

"முன்ன இதுல ஒங்க பேரு இருந்துச்சு. அஞ்சு ஆபீஸ் ஏறி, ஒங்க பேரைத் தேடி, ஒங்க முன்னால வந்து நின்னு கேக்க முடிஞ்சுது. யாரு பாத்தாங்கன்னு கேட்டேன்ல? இப்ப நான் வச்சா என் பேருல்லா இருக்கும். நாளைக்கு இவ வளந்து, எங்கப்பா இல்லைன்னு யாரும்மா சொன்னதுன்னு கேட்டா, அந்தப் பேரை எடுத்துப் பாப்பா. எனக்கே ஒரு நாள் கேக்கத் தோணுச்சுன்னா, நான் யாருகிட்ட போய்க் கேக்க?"

"என் பேர்லயே வைக்கேன். விதியை மாத்தச் சொல்லி எழுதுதேன்" என்றாள் உலகம்மை. சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது, குழு இனி அந்தப் பொறுப்பை ஒருபோதும் திரும்ப வாங்கிக்கொள்ளாது.

"எழுதுங்க" என்றாள் ரோசிட்டா. அவளுக்கும் தெரிந்திருந்தது.

அவள் மூன்றாவது பொத்தானைத் தொட்டாள். திரை இருண்டது. பின்பக்கம் தண்ணீர் மொள்ளும் சத்தம் நின்று, ஷெரின் ஈரக் கையோடு உள்ளே எட்டிப் பார்த்தாள். தாயின் மடியில் கைப்பேசி அணைந்திருப்பதைக் கண்டு வந்து பள்ளிப் பையை எடுத்துக்கொண்டாள். 

உலகம்மை கிளம்ப எழுந்தாள். ரோசிட்டா வாசல்வரை வந்தாள்.

"அக்கா, ஒங்களால ஆறு மணிக்கு வர முடியுமா? ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா கூட உக்காந்திருந்தாப் போதும். அந்த நேரத்துல ஒத்தையில இருக்க முடியல."

மறுநாள் ஐந்தே முக்காலுக்கு உலகம்மை அந்த வீட்டில் இருந்தாள். அதற்கு மறுநாளும் போனாள்.